அமானிதத்தைக் கடலேற்றலாமா?

வீட்டை விற்று, தட்டுமுட்டுச் சாமான்களைச் சுற்றத்தார்க்குக் கொடுத்துவிட்டு, மனைவி மக்களோடு ஒரு பாய்மரப் படகில் ஏறி, ஆண்டுக்கணக்கில் கடலிலேயே குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் மேலைநாடுகளில் உண்டு. மீன்பிடித்தல் அவர்தம் தொழிலன்று, சரக்கேற்றுதலும் அன்று. வயிற்றுப்பாடு அவர்களைக் கடலுக்குத் துரத்தவில்லை. பிள்ளைகளோடு பிரியாது வாழ வேண்டும், உலகைக் கண்ணாரக் காட்டி அவர்களை வளர்க்க வேண்டும் என்னும் வேட்கையே துரத்தியது. இதனைக் கேள்வியுற்றதும் நம்மில் பலர்க்கு எழும் முதற்கேள்வி, "பெரியவர்கள் போகட்டும், பச்சைப் பிள்ளைகளை ஏன் கொண்டுபோக வேண்டும்?" என்பதுதான். கேள்வி எளியது. ஆயின், விடை அத்துணை எளிதன்று. அதனைச் சற்று நின்று ஆராய்வோம்.

அவர்கள் வாழ்க்கை எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். படகின் நீளம் பத்து முதல் பதினைந்து மீட்டர் வரை இருக்கும். நம் ஊர் வீடுகளின் முற்றத்தினும் குறுகிய அவ்விடத்திலேயே சமையல், உறக்கம், படிப்பு, பிணக்கு, சமாதானம் அனைத்தும் நடந்தாக வேண்டும். படகு மணிக்கு ஐந்து கடல் மைல் அளவில் ஊர்ந்து செல்கிறது. சைக்கிளில் போகிறவன் அதனை எளிதில் முந்திவிடுவான். கேனரித் தீவுகளிலிருந்து வியாபாரக் காற்றின் துணையோடு அட்லாண்டிக் கடலைக் கடந்து கரீபியத் தீவுகளை அடைய ஏறத்தாழ 2,700 கடல் மைல். மூன்று வாரம் நீரும் வானுமன்றி வேறெதுவும் கண்ணுக்குப் படாது. இரவிலும் படகு நிற்பதில்லை. ஆகவே தாயும் தந்தையும் முறைவைத்து விழித்திருக்கின்றனர். குடிநீர் அளந்து வழங்கப்படுகிறது. பாத்திரங்கள் உப்புநீரில் கழுவப்படுகின்றன. தவழும் குழந்தை விழுந்துவிடாதிருக்க விளிம்பைச் சுற்றி வலை கட்டப்படுகிறது. மேல்தளத்திற்கு வரும் பிள்ளையின் மார்பில் வார்க்கச்சை மாட்டி, அதனைக் கயிற்றால் படகோடு பிணைக்கின்றனர். காலையில் பாடம் நடக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்த கால்வெர்ட் பள்ளி, நெடுங்காலம் நடத்திவந்த அஞ்சல்வழிப் பாடத்திட்டத்தில் பயின்ற கடற்பிள்ளைகள் பலராவர்.

நாம் வழங்கும் 'மாலுமி' என்னும் சொல், ஆசிரியர் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இப்படகுகளில் அச்சொல் தன் இரு பொருளையும் மீட்டுக்கொள்கிறது. சுக்கானைப் பிடிக்கும் தந்தையே கணக்கும் கற்பிக்கிறார். பாயைச் சுருக்கும் தாயே எழுத்தும் கற்பிக்கிறார். தரையில் வாழும் தந்தை விடியுமுன் வேலைக்குப் போய், பிள்ளை உறங்கிய பின் வீடு திரும்புகிறார். தந்தையின் தொழில் யாதென்று கேட்டால் பெயரைச் சொல்லத் தெரியும் பிள்ளைக்கு, அதனை அவர் எவ்வாறு செய்கிறார் என்பது தெரியாது. படகுப் பிள்ளையோ தந்தையின் திறனைக் காண்கிறது, அச்சத்தைக் காண்கிறது, பிழையையும் காண்கிறது. ஒரு குவளை நீர் எத்துணைப் பெரிய நிஃமத் என்பதை அதற்கு எவரும் உரை நிகழ்த்தி உணர்த்த வேண்டியதில்லை. இவ்வாழ்வில் நன்மை இல்லையென்று நாம் சொல்லமாட்டோம்.

ஆயினும், கடல் கடலே. 2014-ஆம் ஆண்டு, மூன்று வயதும் ஒரு வயதும் நிரம்பிய இரு பெண்குழந்தைகளோடு ஓர் அமெரிக்கத் தம்பதியர் மெக்சிகோவிலிருந்து பசிபிக் கடலில் புறப்பட்டனர். கரையிலிருந்து ஏறத்தாழ 900 மைல் சென்ற நிலையில் இளைய குழந்தைக்குக் காய்ச்சலும் உடம்பில் தடிப்பும் கண்டன, படகும் பழுதுற்றது. உதவி கோரியதும், விமானத்திலிருந்து வீரர்கள் வான்குடை கட்டிக் கடலில் குதித்துப் படகேறிக் குழந்தைக்குச் சிகிச்சை அளித்தனர். போர்க்கப்பல் ஒன்று வந்து குடும்பத்தை மீட்டது. குழந்தை பிழைத்தது, அவர்கள் வீடாயிருந்த படகு கடலில் மூழ்கடிக்கப்பட்டது. கரையேறிய பெற்றோரை நாடே இரு கூறாகப் பிரிந்து விசாரித்தது. "பிள்ளையைக் கொல்லப் பார்த்தவர்கள்" என ஒரு சாரார் தூற்றினர். "காரில் பிள்ளையை ஏற்றிச் செல்வோர் எவரும் இவர்களைத் தூற்றத் தகுதியற்றவர்" என மறுசாரார் வாதிட்டனர்.

இதனினும் கடுமையான நிகழ்ச்சி ஒன்று 1972-இல் நடந்தது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் பண்ணை வைத்திருந்த டூகல் ராபர்ட்சன் என்பவர் முன்னர் வணிகக் கப்பலில் அதிகாரியாயிருந்தவர். உலகைச் சுற்றும் படகோட்டிகளைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தபோது, அவருடைய சிறு மகன் ஒருவன், வாப்பாவும் மாலுமிதானே, நாமும் ஏன் உலகைச் சுற்றக்கூடாது என்னும் பொருள்பட ஒரு வார்த்தை கேட்டுவிட்டான். அந்த வார்த்தை தந்தையின் உள்ளத்தில் விதையாய் விழுந்தது. பண்ணையை விற்று, 'லூசெட்' என்னும் பழைய பாய்மரக் கலத்தை வாங்கி, 1971-இன் தொடக்கத்தில் மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் புறப்பட்டார். 1972 ஜூன் 15 அன்று, கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே, கொலைத் திமிங்கிலங்கள் மோதி அடிப்பலகை உடைந்தது. சில நிமிடங்களில் கலம் மூழ்கிவிட்டது. தாய், தந்தை, பதினெட்டு வயது மூத்த மகன், பன்னிரண்டு வயதை ஒட்டிய இரட்டையர், வழியில் சேர்ந்துகொண்ட மாணவர் ஒருவர் என அறுவர் காற்றடைத்த ரப்பர் மிதவையிலும், 'எட்னமேர்' என்னும் மூன்று மீட்டர் அளவேயான சிறு தோணியிலும் தப்பினர்.

மிதவை பதினேழு நாள் தாங்கியது. பின் இருபத்தொரு நாள் அறுவரும் அச்சிறு தோணியிலேயே ஒடுங்கிக் கிடந்தனர். மழைநீரைப் பிடித்துக் குடித்தனர். ஆமையையும் மீனையும் பச்சையாய் உண்டனர். காற்றை எதிர்த்துத் தீவுக்குத் திரும்ப இயலாதென்பதை உணர்ந்த தந்தை, மழை பெய்யும் வடதிசைப் பகுதியை நோக்கிச் சென்று, அங்கிருந்து அமெரிக்கக் கரையை அடைவதெனத் துணிந்தார். செவிலியாய்ப் பணியாற்றியிருந்த தாய், பிள்ளைகளின் உடலைக் கண்ணும் கருத்துமாய்க் காத்தார். முப்பத்தெட்டாம் நாள், ஜப்பானிய மீன்பிடி கலம் ஒன்று அவர்களைக் கண்டெடுத்தது. ஒருவர்கூட மாளவில்லை. 1973-இல் தந்தை இந்நிகழ்ச்சியை நூலாக எழுதினார். உலகம் அவரை வீரர் எனப் போற்றியது.

ஈண்டு நாம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஜப்பானியக் கலம் வேறு வழியே போயிருந்தால்? அறுவரும் மடிந்திருந்தால், அதே மனிதர் வீரர் எனப் போற்றப்பட்டிருப்பாரா? மக்களைப் பலியிட்ட மடையர் எனத் தூற்றப்பட்டிருப்பாரன்றோ? அவர் செய்த முடிவு ஒன்றே; தூற்றலையும் போற்றலையும் பிரித்தது, ஒரு கலம் கடந்து சென்ற பாதை. விளைவைக் கண்டு செயலை அளப்பது மனிதர் வழக்கம். ஆனால் விளைவு நம் கையில் இல்லை என்று நம்புகிறவர்கள் நாம். ஆகவே பிள்ளை பிழைத்ததா என்பதன்று நம் கேள்வி. படகேற்றும் அந்நாளில், அவ்வேளையில், பெற்றோர் செய்தது முறைதானா என்பதே கேள்வி.

பிள்ளைகள் நமக்குச் சொந்தமல்லர், அமானிதம் என்பது நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் பேச்சு. அமானிதம் பற்றி நம் சட்ட நூல்கள் மிக நுட்பமாய்ப் பேசுகின்றன. ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை உரியவரிடமோ அவர் முகவரிடமோ திருப்பித்தர வழியிருக்க, அதனைத் தூக்கிக்கொண்டு பயணம் போவோமாயின், வழியில் நேரும் இழப்புக்கு நாமே பொறுப்பு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. சிறுவனின் செல்வத்தைக் காக்கும் பொறுப்பாளர், அச்செல்வத்தோடு கடலேறலாகாது என்றும் அந்நூல்கள் கூறும். பொருளுக்கே இப்படியென்றால் பிள்ளையை ஏற்றக்கூடாது என்பது சொல்லாமலே விளங்குமே என நாம் எண்ணலாம். ஆயின், சட்ட அறிஞர்கள் அவ்வாறு எளிதாய் முடித்துவிடவில்லை. சிறுவனையும் ஏற்றலாகாது என்றார் சிலர். பாதுகாப்பு மேலோங்கி நிற்குமாயின் ஏற்றலாம் என்றார் வேறு சிலர். ஹஜ்ஜுக்குக் கடல்வழியன்றி வேறு வழியில்லாதவர், பாதுகாப்பே மேலோங்கியிருப்பின் கடலேறுதல் கடமை என இமாம் நவவி அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் வைத்த அளவுகோலும் இதுவே.

பிள்ளையின் பொருளைக் கடலேற்றலாகாது. பிள்ளையை ஏற்றலாம் என்பது முதற்பார்வைக்கு வியப்பாய் இருக்கிறது. பிள்ளையினும் அதன் பொருள் உயர்ந்ததா? அவர்கள் சொன்ன காரணம் ஆழமானது. பொருளின் மீது நமக்குள்ள பொறுப்பு அதனைக் காப்பதும் பெருக்குவதுமே. கடலேற்றுதல் அந்நோக்கத்திற்கே முரண். பிள்ளையின் காரியம் அவ்வாறன்று. இதனை நாம் இவ்வாறு விரித்துப் பொருள் கொள்கிறோம்: பொன்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் அமானிதம் நிறைவேறிவிடும், பிள்ளையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் அமானிதம் பாழாகிவிடும். காக்கப்படுவதற்காக மட்டும் பிள்ளை நமக்குத் தரப்படவில்லை, வாழவும் தரப்பட்டது. ஆகவே ஆபத்து உண்டு என்பது ஒன்றே ஒரு வாழ்க்கையை ஹராமாக்கிவிடாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் தவக்குல் வைக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நெறியைப் பின்பற்றி, வார்க்கச்சை கட்டினாயா, வலை கட்டினாயா, காற்றின் பருவம் கற்றாயா, நோய்க்கு மருந்து வைத்தாயா என்று அப்பெற்றோரைக் கேட்கலாம். கேட்டுவிட்டு, "ஆம்" என்பாராயின் வழிவிடலாம்.

இன்னொரு கோணமும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் எனக் கடலோடு உறவாடிய ஊர்கள் நம்முடையவை. நம் முன்னோர் பிள்ளைகளைக் கடலேற்றவில்லை, தாங்கள் ஏறினர். உம்மாவும் பிள்ளையும் கரையில் பத்திரமாய் இருந்தனர். அந்தப் பத்திரத்துக்கு விலை ஒன்று கொடுக்கப்பட்டது. அது வாப்பாவின் முகம். சபராளியின் பிள்ளை தந்தையைக் கடிதத்தில் அறிந்தது. தோணிக்குப் பதில் விமானம் வந்த பின்னும், கடிதத்துக்குப் பதில் தொலைபேசி வந்த பின்னும், வளைகுடாவுக்குப் போன தந்தையரின் வீடுகளில் அவ்விலை இன்றும் கொடுக்கப்பட்டு வருகிறது. விடுப்பில் வந்த வாப்பாவைக் கண்டு உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்த பிள்ளையை நம்மில் காணாதவர் யார்? அத்தந்தையரை நாம் குறை கூறவில்லை; அவர்தம் வியர்வையில் வளர்ந்தது நம் சமுதாயம். ஆயின், பிள்ளையை ஆபத்திலிருந்து விலக்கிய அவ்வழி தந்தையிடமிருந்தும் விலக்கிற்று என்பதை மறத்தலாகாது. படகேறும் மேலைநாட்டுத் தந்தை மறுவழியைத் தெரிந்தெடுக்கிறார்: பிள்ளை ஆபத்தில் இருந்தாலும் என் கண்முன் இருக்கட்டும் என்கிறார். இவ்விரு வழிகளில் ஒன்றைப் பாவமென்றும் மற்றொன்றைப் புண்ணியமென்றும் பிரித்துவிட நம்மால் இயலவில்லை.

எனின், இவ்வாழ்வில் கண்டிக்கத்தக்கது எதுவுமே இல்லையா? உண்டு. ஆனால் அது நாம் அஞ்சிய இடத்தில் இல்லை. அலையிலும் இல்லை, திமிங்கிலத்திலும் இல்லை.

1976-ஆம் ஆண்டு, கேப்டன் குக் மூன்றாம் பயணம் தொடங்கி 200 ஆண்டு நிறைந்ததையொட்டி, அவர் சென்ற வழியே செல்வதென ஓர் ஆங்கிலேயத் தந்தை 'வேவ்வாக்கர்' என்னும் பாய்மரக் கலத்தில் குடும்பத்தோடு புறப்பட்டார். மகள் சுசானுக்கு அப்போது வயது ஏழு. மூன்று ஆண்டில் திரும்பிவிடுவோம் எனப் பெற்றோர் சொன்னதை நம்பிச் சிறுமி ஏறினாள். இந்துமாக்கடலின் தென்பகுதியில் பேரலை ஒன்று கலத்தைத் தாக்கியதில் அவள் மண்டையோடு பிளந்தது. ஆம்ஸ்டர்டாம் என்னும் பிரெஞ்சுத் தீவில் மயக்க மருந்தின்றிப் பலமுறை அவள் தலையில் அறுவை செய்யப்பட்டது. மூன்றாண்டு முடிந்தது, கலம் திரும்பவில்லை. பத்தாண்டு சென்றது. பள்ளிக்கூடம், தோழியர், ஓரிடத்தில் நிலைத்த வீடு ஆகியவற்றுக்காக அச்சிறுமி ஏங்கினாள். அவ்வேக்கத்திற்குச் செவி கிடைக்கவில்லை. அஞ்சல்வழியே, பெரும்பாலும் தன் முயற்சியாலேயே படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் இடம் பெற்றாள். சுசான் ஹேவுட் என்னும் பெயரில் 2023-இல் அவர் எழுதி வெளியிட்ட நினைவுநூலில் இவையனைத்தும் உள்ளன.

மண்டையோட்டுக் காயம் ஆறிவிட்டது. அந்நூலில் ஆறாதிருப்பது வேறு காயம்: மற்றொருவர் கனவுக்குள் சரக்கைப்போல் ஏற்றிச் செல்லப்பட்ட காயம். கலத்துக்குத் தலைவர் ஒருவரே இருக்க முடியும். புயலில் வாக்கெடுப்பு நடத்த இயலாது. அது கலத்தின் நியாயம். ஆயின், அதே நியாயம் குடும்பத்தின் நியாயமாகிவிடும்போது, பிள்ளைக்கு இறங்குவதற்குக் கரையில்லை. ராபர்ட்சன் குடும்பத்தின் நான்கு பிள்ளைகளில் மகள் ஒருத்தி மட்டும் மூழ்கிய நாளில் கலத்தில் இல்லை. பஹாமாத் தீவுகளிலேயே அவர் இறங்கிக்கொண்டார். தந்தை அதற்கு இடம் தந்தார். அக்குடும்பத்தின் கதையில் முப்பத்தெட்டு நாள் வீரத்தினும் இச்சிறு செய்தியே நம் கேள்விக்கு நெருக்கமானது.

மறுபுறமும் நோக்க வேண்டும். 1995-இல் பெற்றோர் உலகைச் சுற்றிவருகையில் நியூசிலாந்துத் துறைமுகமொன்றில் பிறந்து, ஐந்து வயதுவரை கடலிலேயே வளர்ந்தவர் லாரா டெக்கர் என்னும் டச்சுப் பெண். தன் பதின்மூன்றாம் வயதில் தனியே உலகைச் சுற்ற விரும்பியபோது, 2009-இல் நெதர்லாந்து நீதிமன்றம் குறுக்கிட்டு அவரைக் குழந்தை நலத்துறையின் மேற்பார்வையில் வைத்தது. 2010-இல் அத்தடை நீங்கிற்று. 2012 ஜனவரியில், பதினாறாம் வயதில், அவர் தம் பயணத்தை முடித்தார். ஒரே கடல், ஒருத்திக்குச் சிறையாயிற்று, மற்றொருத்திக்குச் சொந்த ஊராயிற்று. எப்பிள்ளைக்கு எது என்பதைப் பிறக்கும்போதே எவரும் அறியார். அறிவதற்கு ஒரே வழி, கேட்பது. ஒருமுறையன்று, பிள்ளை வளர வளர மீண்டும் மீண்டும் கேட்பது.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை ஆண்டுதோறும் ஹஜ்ஜுப் பெருநாளில் கேட்கிறோம். கத்தியைப் பற்றிக் கேட்கிறோம், கீழ்ப்படிதலைப் பற்றிக் கேட்கிறோம். கத்திக்கு முன் நிகழ்ந்த ஒன்றைக் கேட்டும் கேளாதவராய்க் கடந்துவிடுகிறோம். தாம் கண்ட கனவை மகனிடம் கூறி, உன் கருத்து யாதெனத் தந்தை வினவினார் என்று திருமறை உரைக்கின்றது. இறைவனின் கட்டளை பெற்றவர், கேட்கத் தேவையில்லாதவர், கேட்டார். நம் கனவுகள் இறைக்கட்டளைகள் அல்ல. பெரும்பாலும் நம் ஆசைகளே. அவற்றுக்குள் பிள்ளையை ஏற்றுமுன் நாம் கேட்பதில்லை. நபி நூஹ் (அலை) அவர்களும் கப்பலேறாது நின்ற மகனை அழைத்தார், நெஞ்சுருகி அழைத்தார். மகனோ மலையே தன்னைக் காக்குமென்று கூறி மறுத்துவிட்டான். கப்பலேறாதோர் மூழ்குவர் என ஐயமற அறிந்த தந்தையே அழைத்தார் என்றுதான் வரலாறு கூறுகின்றது. கட்டி இழுத்து வந்தார் என்று கூறவில்லை.

இங்கு ஒரு தவறான முடிவுக்கு எவரும் வந்துவிடலாகாது. பிள்ளையைக் கேட்டுவிட்டால் பொறுப்பு பிள்ளையின் தலைக்கு மாறிவிடும் என்பதன்று நம் கருத்து. உலகைச் சுற்றலாமா என ராபர்ட்சனின் சிறுமகன் கேட்டது விளையாட்டுச் சொல். ஒன்பது வயதுப் பிள்ளையின் 'சரி'யைச் சான்றாகக் காட்டி எந்தத் தந்தையும் தப்ப முடியாது. பருவமடையாதோர் ஒப்புதல் கொடுக்கல் வாங்கலிலேயே செல்லாது என்றிருக்க, உயிர் விஷயத்தில் எங்ஙனம் செல்லும்? பிள்ளையின் 'சரி' நமக்கு உரிமை தருவதில்லை. ஆனால் பிள்ளையின் 'வேண்டாம்' நம்மைக் கட்டுப்படுத்த வேண்டும். குறைந்தது நம்மை நிறுத்தி எண்ணச் செய்ய வேண்டும். சொல்லத் துணியாத பிள்ளையின் மௌனத்தையும் 'வேண்டாம்' எனப் படித்தறியும் கண் பெற்றோர்க்கு வேண்டும். பொறுப்பு முழுவதும் நம்முடையது, குரல் அதனுடையதுமாகும்.

பாய்மரப் படகேறப் போகிறவர் நம் வாசகருள் எவருமிலர். எனினும் இக்கேள்வி நமக்கு அயலானதன்று. மகன் மருத்துவனாக வேண்டுமென்பது எவருடைய கனவு? பத்து வயது நிரம்பாதவனை வெளியூர் விடுதியில் சேர்த்தபோது, "இரண்டே வருடம்" என்று சொன்னோமே, அந்த இரண்டு எத்தனையாயிற்று? படிக்க ஆசைப்பட்ட மகளின் நிக்காஹை முடித்துவிட்டு, "அவள் ஒன்றும் சொல்லவில்லையே" என்கிறோம். சொல்லக்கூடிய இடத்தில் அவளை என்றேனும் நிறுத்தினோமா? "இன்னும் ஒரு வருடம்" என ஒவ்வோராண்டும் பயணத்தை நீட்டிக்கும் சபராளியும், மூன்றாண்டைப் பத்தாண்டாக்கிய அக்கலத் தலைவரும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றனர். இருவரும் நல்ல எண்ணத்தோடுதான் போடுகின்றனர்.

ராபர்ட்சன் குடும்பத்தைச் சுமந்த எட்னமேர் தோணி, இங்கிலாந்தின் ஃபால்மத் நகரிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அவர்கள் 1971-இல் புறப்பட்ட துறைமுகமும் அதுவே. மூன்று மீட்டர்த் தோணியில் அறுவர் எப்படி உட்கார்ந்திருப்பர் என்று காண்போர் வியக்கக்கூடும். ஒருவர் அசைந்தால் மற்ற ஐவரும் அசைய வேண்டிய அவ்விடத்தில், எவர் எங்கே உட்கார வேண்டும், எவர் காலை நீட்டலாம் என்பதையெல்லாம் ஒருவரையொருவர் கேட்டே செய்திருப்பர். நம் வீடுகள் அதனினும் பெரியவை. அதனால் கேளாமலே காலம் தள்ளிவிட முடிகிறது. இன்றிரவு உணவு முடிந்ததும் பிள்ளையை அருகில் அமர்த்தி, அதற்காக நாம் வகுத்துவைத்துள்ள பாதையை அதனிடமே சொல்லி, "உன் கருத்து என்ன?" என்று ஒருமுறை கேட்போமாக. கேட்டபின் வாய்மூடி இருப்போமாக. அமானிதத்தைப் பற்றி நாம் கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு. அந்நாளுக்கு முன், அமானிதத்திடமே கேட்டுக்கொள்ளும் வாய்ப்பை அல்லாஹ் நமக்கு அளித்திருக்கின்றான்.